வண்டிக்குள் அரை லிட்டர் தண்ணீர்

டிசம்பர் மாதம், கோத்தகிரி. தெரிந்தவர் வீட்டு வாசலில் என் ஆம்னி வேனை நிறுத்திவிட்டு, பின்னிருக்கையைக் கழற்றி அவர் திண்ணையில் வைத்துவிட்டு, நானும் மைத்துனனும் வண்டிக்குள்ளேயே படுத்தோம். குளிருக்குப் பயந்து கண்ணாடி எல்லாவற்றையும் இறுகச் சாத்தியாயிற்று. விடியற்காலையில் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. "மச்சான், மேல ஒழுகுது" என்று அவனும் எழுந்து உட்கார்ந்தான். கதவைத் திறந்து பார்த்தால் மழை பெய்த சுவடே இல்லை.

ஒழுகியது எங்கள் மூச்சு. வியர்க்காமல் சும்மா இருந்தாலே ஒரு மனித உடம்பிலிருந்து, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மில்லி நீர் ஆவியாகிப் போகிறது. இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் கணக்கு அரை லிட்டரைத் தொட்டுவிடும். வீட்டில் அது ஜன்னல் வழியே போய்விடுகிறது. அடைத்த வண்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. திறந்த வானத்தின் கீழ் நிற்கும் தகரக் கூரையோ, இரவெல்லாம் தன் சூட்டை மேலே இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அதே சங்கதிதான் இங்கே தலைக்கு மேலே நடக்கிறது.

வண்டியில் தூங்கிப் பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மெத்தையைப் பற்றி. நான் முதலில் சொல்வது காற்றைப் பற்றி. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகள் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும், ஊட்டியானாலும் சரி, தனுஷ்கோடியானாலும் சரி. குளிருக்குக் கம்பளி சேர்த்துக்கொள்ளலாம். திறந்த இடத்துக்குக் கொசுவலை வெட்டி, ஓரத்தில் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்துவிட்டால் கதவுத் தகரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் இதுவும் போதாது; 12 வோல்ட் மின்விசிறி ஒன்று வேண்டும். அதை முகத்துக்கு நேரே வைக்கத்தான் கை போகும். ஆனால் உள்காற்றை வெளியே தள்ளும்படி ஒரு ஜன்னலில் வைத்தால், எதிர் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும்.

"ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினால் என்ன?" என்பார்கள். கூடாது. நிற்கிற வண்டியில் ஏசி ஓட வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகைதான் உள்ளே ஏறியிருந்தது. கேரவனுக்கே அந்தக் கதி. வண்டிக்குள் அடுப்பு, கரி, கொசுவர்த்திச் சுருள் எதையும் கொளுத்தாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள்.

இனி வண்டி. ஷோரூமுக்குப் போகும்போது பணத்தோடு ஓர் இஞ்ச் டேப்பும் பையில் இருக்கட்டும். முன்னிருக்கையை முன்னே தள்ளி, அதன் முதுகிலிருந்து பின்கதவு வரை அளந்தால், உங்கள் உயரத்துக்கு மேல் அரை அடி மிஞ்ச வேண்டும். அடுத்தது உட்காரும் உயரம். சராசரி ஆண் சம்மணமிட்டு உட்கார்ந்தால் தலை உச்சி மூன்றடிக்குச் சற்றுக் குறைவாக வரும். படுக்கைக்கு மேலே அந்த அளவு இல்லாத வண்டியில், கூனிக்கொண்டே சட்டை மாற்ற மூன்றாம் நாள் வெறுத்துவிடும். பெரிய கார்கள் பலவற்றில் இருக்கையை மடக்கினாலும் தரை மேடும் பள்ளமுமாகவே இருக்கும்.

அதனால்தான் இருவர் பயணத்துக்கு நான் ஆம்னி வகை வேன்களின் பக்கம். ஆம்னி 2019-இல் நின்றுபோனது. 2010-இல் வந்த ஈகோ இன்னும் கிடைக்கிறது. பெட்டி போன்ற வடிவம், கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் வசதி, எல்லா ஊரிலும் மெக்கானிக். ஆனால் இரண்டிலும் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில். நாள் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்தச் சூடு வெகுநேரம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே கால் எஞ்சின் பக்கம், தலை பின்கதவுப் பக்கம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு டெம்போ டிராவலர் தோதாக இருக்கும். ஆனால் கோயில் தெருக்களில் அதைத் திருப்புவதற்குள் சாமி நடை சாத்திவிடுவார்கள்.

படுக்கைக்குப் பலகை அடிக்கும்போது தச்சர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் வாங்கச் சொல்வார். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ கனக்கும். 12 மில்லிமீட்டர் சுமார் 23 கிலோதான். கீழே குறுக்குச் சட்டம் நெருக்கமாகக் கொடுத்தால் இருவரைத் தாங்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் ரகமாகப் பாருங்கள். மெத்தையை நேரே பலகைமேல் போட்டால் உடம்புச் சூட்டில் கிளம்பும் ஆவி அடியில் தங்கி, ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். இடையில் விரிப்பதற்கென்று விலை கூடிய பிளாஸ்டிக் வலைகள் விற்கிறார்கள். நான் கோரைப்பாய் விரிக்கிறேன். கோரைக்கு இடையே காற்று ஓடும், காலையில் உதறிக் காயப்போட்டால் போதும்.

மின்சாரம் பெரிய தலைவலி இல்லை. 6 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 48 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 4 ஆம்பியர்-மணி. வண்டியின் பேட்டரியே இதைத் தாங்கும். விளக்கு, செல்போன், சின்ன ஃபிரிட்ஜ் என்று சேர்ந்தால் தாங்காது. எஞ்சினைக் கிளப்ப ஓரிரு நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்த பேட்டரி அது. மெதுவாக அடிவரை வடித்தால் சீக்கிரம் செத்துப்போகும். தனியாக ஒரு லித்தியம் பெட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இருக்கையை நிரந்தரமாகப் பிடுங்கிவிட்டுக் கட்டில் அடிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. கழற்றி மாட்டும் பலகையாக இருப்பது உசிதம்.

நிறுத்தும் இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். இல்லாவிட்டால் பாதி தண்ணீருள்ள பாட்டிலைப் படுக்க வைத்தாலும் சாய்மானம் தெரிந்துவிடும். தலைப்பக்கம் ஒரு விரல் உயர்ந்திருந்தால் பாதகமில்லை. பக்கவாட்டுச் சாய்வு தூங்கவிடாது. நிறுத்த இடம் தேடி இரவில் காட்டுப் பாதையை நம்பிப் புறப்படாதீர்கள்: முதுமலையிலிருந்து பந்திப்பூர் போகும் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறப்பார்கள்.

இன்னொன்று, ஓட்டுநர் இருக்கையில் எதையும் அடுக்காதீர்கள். ஒருமுறை இருட்டில் காலி மைதானம் என்று நினைத்து நிறுத்திவிட்டு, பை, வாளி, அடுப்பு எல்லாவற்றையும் அந்த இருக்கையில் குவித்துவிட்டுப் படுத்தோம். மூன்று மணிக்குக் கண்ணாடியைத் தட்டினார் ஒரு பெரியவர். "தம்பி, இது சந்தை நடக்குற எடம். வண்டிய எடுங்க." சாவி எந்தப் பைக்குள் போனதென்று நாங்கள் தேடி முடிப்பதற்குள் வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் முட்டைக்கோஸ் மூட்டை இறங்கியிருந்தது. மதியம் சந்தை கலைந்த பிறகுதான் வெளியே வந்தோம்.