வாசனை தெரியவில்லையா?

"ஹஜ்ரத், கொரோனாவுக்குப் பிறகு அத்தர் வாசமே தெரியலை. மருந்து இருக்கா?" என்று தளவாய்புரத்தில் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அத்தரை விடுங்கள், கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாதே!

மூக்கின் மேற்பகுதியிலுள்ள வாசனை நரம்பணுக்கள் அழிந்தாலும், ஸ்டெம் செல்களிலிருந்து புதியவை உருவாகும்படி அல்லாஹ் படைத்திருக்கிறான். அதைத் தூண்டவே சிகிச்சைகள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மாவை மூக்கினுள் ஊசியால் செலுத்தி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்தார்கள். உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

செலவு குறைந்தது, ஜெர்மனியின் தாமஸ் ஹும்மெல் 2009-ல் வெளியிட்ட பயிற்சி. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு வாசனைகளைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் முகர வேண்டும், 12 வாரங்கள். எல்லோருக்கும் பலன் கிடைக்காது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை சமையலறையில் கேஸ் அலாரம் ஒன்று இருக்கட்டும்.