பெருநகரமும் குறைந்த வருவாயும்: இப்னு கல்தூன் நோக்கில்

பழனியை அடுத்து, கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்த ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். தோட்டத்து ஓரத்தில் மலிவாகக் கிடைக்கும் அப்பழம் சென்னைத் தெருவை அடையும்போது விலை பன்மடங்காகிவிடுகிறது. ஆனால், சோற்றுக்குரிய அரிசியின் நிலை அவ்வாறன்று. 2011 ஜூன் முதல் தமிழக நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆயக்குடியிலும் சென்னையிலும் அதற்கு ஒரே நிலைதான். அவ்வாறாயின், ஆயக்குடியில் போதுமானதாயிருந்த வருவாய் சென்னையில் போதாமற் போவது ஏன்?

இவ்வினாவை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406). ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், அவர் எழுதி முடித்த 'முகத்திமா'வில் நகரங்களின் விலைவாசி குறித்துத் தனிப் பகுதியே உண்டு. பொருள்களை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார். தானியம் போன்ற இன்றியமையாதவை ஒரு வகை. பழம், ஆடை, கட்டடம், பிறருடைய கைத்தொழில் ஆகியவை மற்றொரு வகை. நகரம் பெருகப் பெருக, முதல் வகை மலிகிறது. இரண்டாம் வகை விலையேறுகிறது. உணவைச் சேமிப்போர் பலராதலால் உணவு மிஞ்சுகிறது. வசதிகளை நாடும் செல்வரும் பலராதலால், அவற்றுக்கான போட்டி விலையை உயர்த்திவிடுகிறது. சிற்றூரில் உழைப்புக்குத் தேவை குறைவு. எனவே அங்கிருந்து வருவோரின் கையிருப்பும் குறைவு. அவர்கள் பெருநகரில் குடியமர்வது கடினம் என்பதையும் இதனை அடுத்தே அவர் விளக்குகிறார்.

சென்னையை இக்கருத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம். இங்கு உணவை எளிதாக்கியது வணிகம் மட்டுமன்று. அரசின் பங்கு பெரிது. 2013இல் தொடங்கப்பெற்ற அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும், தயிர் சாதம் 3 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இணைந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். சோறும் ஓரளவு பயணமும் இவ்வாறு சந்தையின் பிடியிலிருந்து விலக்கப்பட்டன. விலக்கப்படாமல் நிற்பது குடியிருப்பே.

மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர் 7,500 ரூபாய் வாடகைக்கு ஒரு வீட்டைத் தேடுவதாகக் கொள்வோம். சென்னையில் நெடுங்காலமாக நிலவும் வழக்கப்படி பத்து மாத முன்பணம் கேட்கப்பட்டால், 75,000 ரூபாய் வேண்டும். அது அவருடைய ஐந்து மாத முழு ஊதியம். 2017இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகை என வரையறுத்தது. ஆயினும், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ள அச்சட்டமே இடமளிக்கிறது. வீடு தேடி அலைபவருக்கு அவ்வொப்பந்தத்தை மறுக்கும் வலிமை ஏது? ஆகவே, சிலர் வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். சிலர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறையைப் பகிர்ந்துகொண்டு, குடும்பத்தை ஊரிலேயே விட்டுவைக்கின்றனர்.

நகரின் விளிம்புக்குச் செல்வதும் முழுத் தீர்வாகாது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் குடியேற்றப்பட்டனர். கூரை கிடைத்தது, ஆனால், வீட்டுவேலையும் சுமைவேலையும் நகரின் நடுவிலேயே நின்றுவிட்டன. வாடகையில் மிஞ்சியது வழிச்செலவிலும் நேரத்திலும் கரைந்தது. எளியவருக்குத் தேவைப்படுவது வெறும் கூரையன்று. வேலைக்கு அருகில் உள்ள கூரை என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். சென்ட்ரல் நிலையத்தின் அருகே எழுந்த சித்தீக் சராயும் ராமசாமி முதலியார் சத்திரமும், நகருக்குப் புதிதாய் வந்தவருக்கு முதற்கண் தேவை இடமே என்று உணர்ந்தவர்களின் அறக்கொடைகள். சில நாள் தங்கும் வழிப்போக்கரை அவை கருதின. ஆனால், இன்று நகருக்கு வருபவர் ஆண்டுக்கணக்கில் தங்குகிறார். அறமும் அதற்கேற்ப வடிவம் மாற வேண்டும்.

இங்கு முன்பணத்தின் இயல்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது செலவன்று; வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை. ஆகவே, அதற்குத் தருமத்தைவிட வட்டியில்லா அழகிய கடனே (கர்ளன் ஹஸனா) பொருத்தமானது. ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஒருவருக்குக் கொடுக்கப்படும் 75,000 ரூபாய், அவர் சிறுகச் சிறுகத் திருப்பும்போது அடுத்தவருக்குப் பயன்படும். ஒரே தொகை பல குடும்பங்களை வட்டியிலிருந்து காக்கும். வாங்குபவரின் தன்மானமும் குன்றாது.

வேறொரு வழியை ஆயக்குடியே காட்டியிருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளுக்காக அங்கு மரத்தடியில் நடத்தப்பெற்ற இலவச வகுப்புகளுக்குப் பிற மாவட்டத்து இளைஞரும் திரண்டு வந்தனர். பயிற்சிக்கென்று சென்னையில் அறை எடுத்துத் தங்கும் செலவு அவர்களுக்கு மிஞ்சியது. எளியவரை நகருக்கு அனுப்புவது ஒரு வழி. நகரில் மட்டுமே கிடைப்பதை எளியவரிடம் கொண்டு சேர்ப்பது மற்றொரு வழி.

மக்காவைத் துறந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். விருந்தினரோ அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். இவ்வரலாற்றில் வந்தவரின் தன்மானத்தை நாம் அடிக்கடி போற்றுகிறோம். ஆனால், வழி கேட்கும் அந்தத் துணிவு பிறந்தது, தங்குவதற்கு ஒரு வீடும் 'சகோதரர்' என்றழைக்க ஒருவரும் முதலிலேயே அமைந்த பின்னர்தான். உழைக்கும் உறுதியோடு பேருந்தில் வந்திறங்கும் இளைஞர் கடைவீதியைத் தாமே கண்டுகொள்வார். அதற்கு முன்னுள்ள அந்த முதற்கதவைத் திறந்துவைப்பதே நம் ஜமாஅத்துகளின் கடமை.