ஒலியின் வேகமும் ஒரகடத்தின் வேலையும்

ஒலியை மிஞ்சிப் பறப்பது என்றதும் சோதனை விமானியின் துணிச்சல்தான் பேசப்படும். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் சக் யேகர் அதை முதலில் சாதித்தார். துணிச்சலுக்கு இந்தியாவிலும் பஞ்சமில்லை, பஞ்சம் இன்ஜினுக்குத்தான். ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல். வடிவமைத்த மாருத் போர்விமானமே சாட்சி. 1959இல் அதன் வடிவிலேயே மரத்தில் முழு அளவு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப்போய் வானில் விட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அசல் மாருத்தை ஓட்டிப் பறந்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகம் என்பது திட்டம். அதற்கான பிரிட்டிஷ் இன்ஜினை மேம்படுத்தும் செலவை பிரிட்டன் நம் தலையில் வைத்தது, டெல்லி மறுத்தது. வலுக் குறைந்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களோடு மாருத் அந்த வேகத்தைக் கடைசிவரை தொடவில்லை. வலுவைக் கூட்டிய மாதிரி ஒன்றைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று தாஸ் உயிரிழந்தார்.

இன்ஜினை வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 2003 ஆகஸ்ட் 1 அன்று நம் தேஜஸ் போர்விமானம் ஒலியைத் தாண்டியது அமெரிக்க இன்ஜினோடுதான். ஆனால் 2021இல் அதே வகையில் 99 இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். முதலாவது வந்து சேர்ந்தது 2025இல். இன்ஜின் வராமல் விமானம் தரையில்தான் நிற்கும்.

சொந்த இன்ஜின் ஏன் இவ்வளவு கடினம்? உள்ளங்கையில் அடங்கும் டர்பைன் பிளேடைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பாயும் வாயுவின் வெப்பம், பிளேடின் உலோகம் உருகும் நிலையையே தாண்டும். அது உருகாமல் காப்பது உள்ளே குடைந்த காற்றுப் பாதைகளும், மேற்பரப்பின் நுண்துளைகள் வழியே கசிந்து போர்வைபோல் மூடும் குளிர்ந்த காற்றும்தான். சுழற்சியின் இழுவிசையில் நீளாமலிருக்க, பிளேடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வார்க்க வேண்டும். இதில் கைதேர வருடக்கணக்கில் சோதனை தேவை. நம் காவேரி இன்ஜினை வானில் சோதிக்க, 2010இல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. கார் உதிரிபாகம் செய்பவர்களால் ஜெட் பிளேடு செய்ய முடியுமா என்ற ஐயம் நியாயமானது. உலோகம் வேறு, வார்ப்பு முறை வேறு. லட்சக்கணக்கில் ஓடும் உற்பத்திக்குப் பழகிய கணக்கு, சில நூறு பிளேடுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மைக்ரான் அளவில் அளந்து, ஒவ்வொரு படியையும் பதிவுசெய்து, பிசகியதைக் கழித்துக்கட்டும் ஒழுக்கம் இரண்டுக்கும் பொது. வல்லம் வடகாலில் சிப்காட் விமானத்துறைப் பூங்கா வந்துவிட்டது. வாகனங்களைச் சோதிக்க ஒரகடத்திலேயே அரசு மையம் இருக்கிறது. அதேபோல் இன்ஜின் பாகங்களுக்கும் பொதுச் சோதனைக்கூடம் அமைத்து, சிறு தொழிற்கூடங்களுக்குப் பத்தாண்டு ஆர்டரை அரசு உறுதிசெய்ய வேண்டும். தரையில் சோதிக்காமல் விட்டதையெல்லாம் கடைசியில் விமானிதான் உயிரைப் பணயம் வைத்துச் சோதிக்கிறார்.