வாக்-இன் இன்டர்வியூவுக்குப் போகும் முன்

பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்ததும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) தேவை என்று ஒரு பக்க அறிவிப்பு வரும். முதுகலை முடித்த பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்போடு சொந்தச் செலவில் வாக்-இன் இன்டர்வியூவுக்குப் பஸ் ஏறுகிறார்கள். தேர்வானதும் ‘இது தற்காலிக வேலைதான்’ என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டே பலர் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். அது தவறு.

இந்த வேலைக்கான சம்பளம் திட்டத்தை நடத்தும் பேராசிரியரின் பணமல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) போன்ற நிதி நிறுவனங்கள் தரும் பணம். எத்தனை பணியிடம், எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் திட்டத்தின் அனுமதி ஆணையில் இருக்கும். டி.எஸ்.டி. விதிப்படி 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப்.க்கு (முதுநிலை ஆராய்ச்சியாளர்) 42,000 ரூபாய். விடுதி தராவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. நெட், கேட் போன்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாக வராதவர்களுக்குத் தொகை குறையலாம். எனவே சேரும் முன்பே பணி ஆணையை எழுத்தில் கேளுங்கள். பதவியின் பெயர், தொகை, காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது வேறொன்று. வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் ஏறும். பிறகு ‘ஆய்வகச் செலவுக்கு’ என்று ஒரு பங்கைக் கையில் திருப்பித் தரச் சொல்வார்கள். அந்தப் பேராசிரியரே ஆய்வு வழிகாட்டியாகவும் இருந்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் பிஎச்.டி. என்ற நிலையில் ஒரு மாணவி எப்படி மறுப்பாள்? ஆனால் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் பல்கலைக்கழக ஆசிரியரையும் பொது ஊழியர் என்றே சொல்கிறது. கட்டாயத்தால் பணம் கொடுத்திருந்தாலும் 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் குற்றவாளி ஆகமாட்டார். தமிழ்நாட்டில் இதற்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கிறது. பணம் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

திட்டத்தில் பணிபுரியும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு உண்டு என்பதை டி.எஸ்.டி. விதியே சொல்கிறது. ஒப்பந்தம் முடிகிறது என்பதற்காக மகப்பேறுச் சட்டத்தின் பலனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். நீங்கள் நிரந்தர ஊழியரா என்று அக்குழு பார்க்கக் கூடாது.

முன்கூட்டியே ஆளை முடிவு செய்துவிட்டு இன்டர்வியூ நடத்தினார்கள் என்ற சந்தேகம் இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் மதிப்பெண்ணையும் தேர்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. தனியார் பல்கலைக்கழகம் நேரடியாகப் பதில் தராமல் நழுவினால், பணம் கொடுத்த மத்திய அரசு நிறுவனத்திடம் அதே மனுவைப் போடலாம். அனுமதி ஆணையின் நகல் அங்கே இருக்கும்.

போலி அறிவிப்புகளும் சுற்றுகின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் அறிவிப்பு இல்லையென்றால் துறைக்கே போன் செய்து கேளுங்கள். தனிநபரின் ஜி-பே எண்ணுக்குப் பதிவுக் கட்டணம் கேட்டால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால்தான் பணத்தை வழியிலேயே முடக்க முடியும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் விலகினால் பிடித்துவைப்போம் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. திருப்பித் தர மறுத்தால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.