சர்வீசுக்குப் பின் கியர் ஏன் தகராறு செய்கிறது?

சர்வீஸ் முடிந்து வந்த சைக்கிளில் சில நாட்களிலேயே கியர் மாறத் தயங்கும். அல்லது செயின் கடகடக்கும். அல்லது அழுத்தி மிதித்தால் பல்லை விட்டுத் தாவும். மூன்றையும் ‘கியர் சரியில்லை’ என்ற ஒரே புகாராகத்தான் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல.

பின்சக்கரத்துப் பல்சக்கரங்களின் மேல் செயினைத் தள்ளிவிடும் டெரெய்லர், கேபிள் இழுத்த அளவுக்கு நகரும். கேபிள் தளர்ந்தால் ஸ்பிரிங் அதைச் சிறிய பல்சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும். முன்பெல்லாம் லீவரை எவ்வளவு தள்ளுவது என்பது ஓட்டுபவரின் கைப்பழக்கம். ஒரு ‘கிளிக்’குக்கு ஒரு பல்சக்கரம் என்ற ஏற்பாட்டை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் டியூரா-ஏஸ் பந்தயப் பாகங்களில் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் வெளிநாட்டில் தொடங்கிய முதல் ஆலை சிங்கப்பூரில்தான், 1973இல். அங்குள்ள தேக்கா வட்டாரத்தில் பூட்டி நிற்கும் கியர் சைக்கிள்களில் ஷிமானோ பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கிளிக் வந்ததும் வேலை எளிதாயிற்று, கணக்கு கறாராயிற்று. 8 கியர் சைக்கிளில் அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையே தூரம் 4.8 மில்லிமீட்டர், 10 கியரில் 3.95 மட்டுமே. ஷிமானோவின் வழக்கமான 8, 9 கியர் டெரெய்லர்களில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் செயின் சுமார் 1.7 மி.மீ. நகரும். அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் பல்லின் நடுவிலிருந்து விலகி உரச ஆரம்பித்துவிடும்.

புதுக் கேபிள் போட்ட பிறகு வரும் தயக்கத்துக்கு இதுவே காரணம். கம்பி நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் எஃகுக் கம்பி அப்படி நீள்வதில்லை. அதன் மேல் உள்ள உறையும் உறையின் முனைக் குப்பிகளும் அழுத்தம் பட்டுத் தம் இடத்தில் நன்றாக உட்காருகின்றன. அந்த இடைவெளி கேபிளில் தளர்ச்சியாகத் தெரிகிறது. இது மெக்கானிக்கின் குற்றம் அல்ல. சர்வீசுக்குச் சில வாரம் கழித்து ஒருமுறை கொண்டுவரச் சொல்லும் கடைகள் சொல்வது இதற்காகத்தான்.

சரிசெய்வதும் விரல் வேலைதான். கேபிள் டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில், அல்லது கைப்பிடி லீவரில், விரலால் சுற்றக்கூடிய சிறு உருளைத் திருகு இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ச்சி: திருகை வெளியே வரும்படி கால் சுற்று திருப்பி, மிதித்துப் பார்க்க வேண்டும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் இறுக்கம் அதிகம்: உள்ளே போகும்படி கால் சுற்று. ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுற்று திருகிவிடுவதுதான் பலரும் செய்கிற காரியம். பிறகு எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாமல் போகும்.

ஏறுவதைச் சரிசெய்தால் இறங்குவது கெடுகிறது, இறங்குவதைச் சரிசெய்தால் ஏறுவது கெடுகிறது என்ற நிலை வந்தால் திருகைத் தொடுவதில் பயன் இல்லை. முதல் சந்தேகம் கேபிளின் உராய்வு. ஆண்டு முழுக்க மழையும் ஈரக்காற்றும் உள்ள சிங்கப்பூரில், கூரையில்லாத இடத்தில் நிறுத்தும் சைக்கிளின் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பது சகஜம். பழைய உறைக்குள் புதுக் கம்பியை மட்டும் செருகிய சர்வீஸ் அரைகுறைச் சர்வீஸ்தான்.

அடுத்த சந்தேகம் ஹேங்கர், அதாவது டெரெய்லரைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் சிறு துண்டு. அலுமினியச் சட்டங்களில் இதை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். அடிபட்டால் சட்டம் தப்பி இது வளைய வேண்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்து நிறுத்துமிடத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது பக்கத்துச் சைக்கிள் டெரெய்லர் இருக்கும் வலப்புறத்தில் சாய்ந்து விழுந்தால் போதும், வளைந்துவிடும். மடக்கு சைக்கிளுக்கு ஆபத்து இன்னும் கூட. மடக்கிய அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருந்தால் ரயிலில் ஏற்றலாம் என்பதால் அது நாளும் மடங்கி, இடிபட்டுப் பயணம் செய்கிறது. சிறு சக்கரம் என்பதால் டெரெய்லரும் தரைக்கு அருகில் தொங்குகிறது. பின்னால் குனிந்து பார்த்தால், டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில், செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஆரக்கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. நிமிர்த்துவதற்குத் தனி அளவுகோல் உண்டு. வெறுங்கையால் வளைப்பது ஒடித்துவிடும் வேலை.

டெரெய்லரில் H, L என்று குறியிட்ட இரண்டு சிறு திருகுகள் எல்லைக்காவல் மட்டுமே. H சிறிய பல்சக்கரத்தைத் தாண்டாமலும், L பெரியதைத் தாண்டாமலும் செயினைத் தடுக்கும். இடையிலுள்ள கியர்களின் தயக்கத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் செயின் ஆரக்கம்பிக்குள் விழுந்தால் L தவறாக இருக்கிறது, அல்லது ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சைக்கிளை ஓட்டக்கூடாது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இனி தாவுதல். கியர் மாற்றாமலே, மேம்பாலம் ஏறும்போது அழுத்தி மிதித்தால் மட்டும் ‘டக்’கென்று தாவுகிறதென்றால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் புதுச் செயினும் பழைய பல்சக்கரமும் ஒத்துப்போகவில்லை. செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; தேயத் தேய அது நீள்கிறது, அந்த நீளத்துக்கேற்பப் பல்லும் தேய்கிறது. சரியான அளவுள்ள புதுச் செயின் அந்தப் பல்லில் படியாது. எப்போதும் ஓட்டும் ஓரிரு பல்சக்கரங்களில் மட்டும் தாவுவது இதன் அடையாளம். இதைத் திருகி மறைக்க முடியாது, பல்சக்கரத் தொகுதியை மாற்றத்தான் வேண்டும். செயினை 0.75 சதவீதம் நீள்வதற்குள் மாற்றிவந்தால் பல்சக்கரம் பல செயின்களுக்குத் தாங்கும். 11 கியருக்கும் அதற்கு மேலும் 0.5 சதவீதமே எல்லை. கைமாறி வந்த பழைய சைக்கிளில் செயினை மட்டும் மாற்றச் சொன்னால் இந்தச் சிக்கல் ஏறக்குறைய நிச்சயம்.

எந்தக் கியரில் போனாலும் சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால், செயினை இணைத்த இடத்தில் ஒரு கண்ணி இறுகியிருக்கும். பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றினால், டெரெய்லரின் சிறு சக்கரத்தைச் சுற்றி வளையாமல் விறைத்து நிற்கும் அந்தக் கண்ணி கண்ணில் படும். அந்த இடத்தைக் கையால் பக்கவாட்டில் அசைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எந்தப் பல்சக்கரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, அழுத்தும்போதா சும்மா மிதிக்கும்போதா என்ற மூன்றையும் கடையில் சொன்னால், மெக்கானிக்கின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.