முகம் மீட்கும் அறுவை மருத்துவம்

மக்கள் யாக்கையில் முகத்துக்குள்ள சிறப்பினைத் தமிழ் வழக்கே நன்கெடுத்துக் காட்டும். விருந்தினரை முகங்கொடுத்து வரவேற்கின்றோம். பகைத்தவர் முகத்தில் விழிப்பதில்லை என்கின்றோம். தவறிழைத்தவன் எந்த முகத்தோடு ஊருக்குள் வருவான் என வினவுகின்றோம். அவையிடத்தே இழிவுற்றவனை மூக்கறுபட்டான் என்று கூறுங்கால், அச்சொல் குறிக்கும் செயல் ஒருகாலத்தே உண்மையாகவே நிகழ்ந்த தண்டனை என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. கையொடிந்தவனை ஊர் இரங்கிப் பார்க்கும். முகஞ்சிதைந்தவனையோ பாராமல் விலகும். ஆகவே, முகத்தைச் செப்பஞ்செய்யும் அறுவை மருத்துவத்தை அழகுக்கலையின் ஒரு கிளையெனக் கருதுவார் கருத்து எமக்கு உடன்பாடன்று. உண்ணவும், உரையாடவும், கண்மூடி உறங்கவும், நாலுபேர் நடுவே நிற்கவும் ஒருவனுக்குள்ள உரிமையை மீட்டுத் தருவதே அதன் தொழில். அது வளர்ந்த வரலாற்றையும், அவ்வரலாறு முழுவதும் ஊடுநிற்கும் ஒரு நுட்பத்தையும் ஈண்டு இயன்ற அளவு விளக்கப் புகுகின்றோம்.

மூக்கரிதல் தமிழ்நாட்டு வரலாற்றிலும் உண்டு. திருமலை நாயக்கர் ஆட்சியின் இறுதியில், 1656ஆம் ஆண்டளவில், மைசூர்ப் படை மதுரை நாட்டுட் புகுந்து, எதிர்ப்பட்ட மக்களின் மூக்குகளை அரிந்து சென்றதென அக்காலத்து மதுரை மிஷன் பாதிரிமார் கடிதங்கள் கூறுகின்றன. இராமநாதபுரத்துச் சேதுபதி துணைவர, மதுரைப் படையும் மைசூர் நாட்டிற் புகுந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. மூக்கறு போர் என்பது இப்போர்க்கு வழங்கும் பெயர். மூக்கிழந்தோன் இறப்பதில்லை, உயிரோடிருந்து தன் தோல்வியைத் தன் முகத்திலேயே சுமந்து திரிவான். அதுவே அத்தண்டனையை விதித்தோர் விரும்பியது.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயர்க்கும் 1792 வரை நிகழ்ந்த போரில், ஆங்கிலப் படையின் மாட்டுவண்டியோட்டியாகிய கவாஸ்ஜி என்பான் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டான். பன்னிரண்டு திங்கள் மூக்கின்றி வாழ்ந்த பின்னர்ப் பூனா நகர்க்கு அருகே செங்கல் செய்யும் வகுப்பினன் ஒருவன் அவனுக்குப் புதுமூக்கு அமைத்தான். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்களாகிய குரூசோ, பிண்ட்லே என்னும் இருவர் இதனை நேரிற் கண்டனர். இச்செய்தி படத்துடன் 1794ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இலண்டன் மாநகரத்து ஜென்டில்மேன்ஸ் மேகஸின் என்னும் வெளியீட்டில் வந்தது. அதிற் கூறிய முறையைச் சற்று விரித்துரைப்போம்.

முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிமேல் வைத்து, நல்ல மூக்கின் வடிவாகப் பிடித்தான். பின் அதனை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியிற் பரப்பி, விளிம்பைச் சுற்றிக் கோடு கிழித்தான். கோட்டுக்கு உட்பட்ட தோலை நெற்றியினின்றும் உரித்தெடுத்தான். ஆயின் முழுவதும் அறுத்துவிடவில்லை. இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு நாடா அளவு தோலை அறுக்காமல் விட்டுவைத்தான். மூக்கின் அடியிலிருந்த பழைய வடுவைச் சீவிப் புண்ணாக்கி, ஓரத்தில் ஒரு வெட்டுக் கீறி, நெற்றித்தோலை அரைவட்டமாகத் திருகிக் கீழிறக்கி அவ்வெட்டினுள் விளிம்பைப் பொருத்தினான். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினான். நான்கு நாள் கழித்து அவற்றை நீக்கி, நெய்யில் நனைத்த துணியை வைத்தான். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்தே கிடந்தான். பத்தாம் நாள் நாசித்துளைகள் மூடாதிருக்க மென்துணித் துண்டுகள் செருகப்பட்டன. இருபத்தைந்தாம் நாளளவில், விட்டுவைத்த அந்நாடாவை அறுத்துச் சீர்செய்வர்.

அந்நாடாவிற்றான் அனைத்தும் அடங்கியிருக்கின்றது. தடித்த தோலை உடம்பினின்று முற்றும் அறுத்து வேறிடத்தில் ஒட்டினால், குருதியோட்டமின்றி அது கறுத்து அழியும். வேரோடு தொடர்புடைய தோலோ, புருவத்தருகே மேலேறிவரும் சிறு நாடிகளால் ஊட்டப்பெற்று வாழும். புண்ணோடு புண் பொருந்தியவிடத்தே புதிய குருதிக் குழாய்கள் மூன்று வாரத்தில் தோன்றிவிடும். அதன்பின் பழைய வேர் வேண்டா. வடுவை முதலிற் சீவியதன் காரணமும் இதுவே. ஆறிய தோல் ஆறிய தோலோடு ஒட்டாது. மரத்தில் ஒட்டுக் கட்டுவோர், தாய்மரத்துக் கிளையை அறுக்காமலே பிணைத்து, ஒட்டுப்பிடித்த பின்னர் அறுப்பதைக் கண்டவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலிலும் மூக்கமைக்கும் முறை உண்டு. அங்கே அளவெடுப்பது மரத்தின் இலையால். தோல் எடுப்பது கன்னத்திலிருந்து. நாசியில் இரு குழல்களைச் செருகவும் கூறப்பட்டது. இந்நூலைக் காட்டிப் பெருமை பேசுவோர் பலர். பேசுக, ஆயின், பூனாவிற் கத்தி பிடித்தவன் நூல் கற்ற பண்டிதனல்லன், மண் பிசைந்த கையினன் என்பதையும் உடன் கூறுதல் முறையன்றோ? கன்னத்தை விடுத்து நெற்றியைக் கொண்டது பெரிய திருத்தம். நெற்றித்தோல் நிறத்தாலும் தடிப்பாலும் மூக்குத்தோலை ஒத்தது; குருதி வளமும் மிக்கது. அந்த இலண்டன் கடிதம் நோயாளியின் பெயரைச் சொல்லிற்று. பார்த்த மருத்துவர் பெயரைச் சொல்லிற்று. படம் எழுதிய ஜேம்ஸ் வேல்ஸ் பெயரும் நமக்குத் தெரியும். மூக்கமைத்தவன் பெயரை மட்டும் அக்கடிதம் சொல்லவில்லை.

அக்கடிதங்கண்ட இலண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, பிணங்களின்மேற் பலகாலும் பயின்று, 1814ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் படைத்தலைவன் ஒருவனுக்கு இம்முறையில் மூக்கமைத்தார். உணர்வகற்றும் மருந்து அந்நாளில் இல்லை. ஈதர் பயன்பட்டது 1846இற்றான். 1816இல் கார்ப்யூ நூல் வெளியிட, ஐரோப்பாவெங்கும் 'இந்திய முறை' என்ற பெயர் பரவிற்று. மூக்கின் நுனியும் பக்கமும் புற்றால் அழிந்தவர்க்கு இன்றும் நெற்றித்தோலே முதலில் நினைக்கப்படுவது.

ஆயினும் எல்லா மூக்குக்கும் நெற்றித்தோல் வேண்டுவதில்லை என்பதை நம் நாட்டில் வேலூர் காட்டிற்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய மருத்துவமனைக்கு, 1946இல் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் மிஷனரி பெற்றோர்க்குக் கொல்லிமலையிற் பிறந்தவர். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதாற் புகழ் பெற்ற அவர், முகத்தையும் விடவில்லை. தொழுநோயில் மூக்கின் வெளித்தோல் போவதில்லை. உட்புறச் சவ்வும் நடுக்குருத்தெலும்பும் அழிந்து, சுருங்கும் தழும்பு மூக்கை உள்ளிழுத்துத் தட்டையாக்குகின்றது. ஆகவே, மேலுதட்டை உயர்த்தி உள்வழியே புகுந்து, தழும்பை விடுவித்து, உடம்பில் மறைவானவிடத்து எடுத்த மெல்லிய தோலை உள்ளுறையாகப் பதிப்பதே தக்கது. இங்கிலாந்தில் கில்லீஸ் வகுத்த இம்முறை வேலூரிற் கையாளப்பட்டது. முகத்தில் வெளிவடுவே இல்லை.

உதிர்ந்த புருவத்துக்குத் தலையிலிருந்து மயிரோடு கூடிய தோற்றுண்டை, நாடியோடு சேர்த்துத் தோலுக்கடியிலே கொணர்ந்து பதித்தனர். தலைமயிராதலால் அது வளர்ந்துகொண்டே போகும், அடிக்கடி கத்தரிக்கவேண்டும். மூட இயலாத இமைக்குச் செய்தது இன்னும் நுட்பமானது. நெற்றிப்பொட்டிலுள்ள மெல்லுந்தசையின் ஒரு கூற்றை இமைகளுக்கு நீட்டித் தைத்தால், பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கண் மூடும். மூடாத கண் காய்ந்து புண்பட்டுக் குருடாகும். தாடைத்தசையோ தொழுநோயிற் பெரும்பாலும் கெடுவதில்லை. எனவே மெல்லுதலால் இமைத்தலைக் கற்பித்தனர். நோயணுவை மருந்து கொல்லும். ஆயின், முகத்திலே நோயின் குறி நின்றவரை ஊரார் ஏற்கவில்லை. வீடு திரும்புவதற்குரிய வழியை அறுவையே திறந்தது.

இதுகாறும் தோலைப் பற்றிச் சொன்னோம். இனித் தாடையெலும்புக்கு வருவோம். அவ்வறிவைப் பெரிதும் தந்தது 1914இல் மூண்ட பெரும்போர். எம்மூராகிய குரும்பகரம் அடங்கிய காரைக்கால், 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அப்போரிற் பிரெஞ்சிந்தியரும் பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் பொருதனர். அவர்தம் நினைவுச் சின்னம் 1938இற் புதுவைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. பதுங்குகுழியினின்று வீரன் தலைதூக்குந்தோறும் குண்டுக்கு இலக்காவது முகமே. பாரிஸ் நகரத்து வால் த கிராஸ் மருத்துவமனையில், மார்த்தினிக் தீவிற் பிறந்த மொரஸ்தேன் என்பார் இவர்களுக்கு அறுவை செய்தார். அவர் கைத்திறனைக் கண்டு ஊக்கமுற்றவரே மேற்கூறிய ஹெரால்டு கில்லீஸ். 1917இற் சிட்கப்பில் திறந்த மருத்துவமனையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரர் அவர் கூட்டத்தாரால் மருத்துவம் பெற்றனர். பிரான்சிலே, 'உடைந்த முகத்தார்' எனத் தம்மையே அழைத்துக்கொண்ட வீரர்கள் 1921இல் ஒரு சங்கம் கண்டனர்.

கீழ்த்தாடை, முகத்தில் அசையும் எலும்பு. அது முறிந்தால் மெல்லுந்தசைகள் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். துண்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்துவதெப்படி? பல்லே வழிகாட்டி. கீழ்ப்பல்லும் மேற்பல்லும் முன்போலப் பொருந்துமாறு கம்பியாற் கட்டிவிட்டால், அடியிலுள்ள எலும்பும் தன்னிடத்தில் நிற்கும். அதனாற்றான் கசஞ்சியன், வலாதியே போன்ற பல் மருத்துவர்கள் அப்போரில் தாடை மருத்துவத்துக்கு இன்றியமையாதவராயினர். இந்நாளில் டைட்டேனியத் தகடும் திருகாணியும் வந்தபின்னரும், பல் பொருந்தியதா என்று பார்த்த பின்னரே திருகாணி முடுக்குவர்.

குழந்தைப் பருவத்திலே மோவாய் அடிபட விழுவதாலோ, காதிற் சீழ்பிடித்து உட்பரவுவதாலோ தாடைமூட்டு எலும்பாக இறுகிவிடுவதுண்டு. வாய் திறவாது. தாடையின் வளர்ச்சியும் பெரிதும் அம்மூட்டருகே நிகழ்வதாதலால், பிள்ளை வளர வளர மோவாய் பின்னடைந்து, உறக்கத்தில் மூச்சும் முட்டும். இறுகிய எலும்பை வெட்டி இடைவெளியாக்கி, மீண்டும் ஒட்டாதபடி பொட்டுத்தசையின் உறையை நடுவில் வைப்பர். அறுவை பாதி மருத்துவமே. மறுநாள் முதற்கொண்டு பன்னாள் வலிபொறுத்து வாய்திறக்கப் பழகாவிடின் எலும்பு மீண்டும் இறுகும். பிள்ளை அழுகின்றதே என்று இரங்கிப் பயிற்சியை நிறுத்தும் தாய், அறியாமலே அவ்வாயை மூடுகின்றாள்.

வாய் திறவாமைக்கு வளர்ந்தோரிடையே வேறொரு காரணம் மலிந்திருக்கின்றது. இடைவிடாது பாக்கு மெல்வோர்க்கு உட்கன்னம் வெளுத்து நார்போல் இறுகுகின்றது. விரல் மூன்றை ஒருங்கே அடுக்கி வாயில் நுழைக்க முடியாதவர் மருத்துவரைக் காணவேண்டும். புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004இல் வெளியிட்ட நூல் நிறுவிற்று. தாம்பூலம் தட்டில் வாராத மங்கல நிகழ்ச்சி நம் காவிரிப் படுகையில் ஏது? பூனாக் கைவினைஞன் மூக்கையொட்டப் பயன்படுத்திய காசுக்கட்டியும் அத்தட்டில் இடம்பெற்ற பொருளே!

கன்னத்துப் புற்று தாடையிற் பரவினால் எலும்பையும் அரிந்தெடுக்க நேரும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் இவ்வறுவை நடைபெறுகின்றது. தாடை நடுவே போனால் நாக்கு பின்சரியும், எச்சில் ஒழுகும், சோறு நில்லாது. இதற்கு 1989 முதலாகக் கையாளப்படுவது கெண்டைக்காலின் வெளிப்புறத்து மெல்லெலும்பு. உடற்பாரத்தைப் பெரும்பாலும் உள்ளெலும்பே தாங்குதலால், கணுக்காலருகே சிறிது விட்டு இதனை எடுத்தாலும் நடை கெடுவதில்லை. எடுத்த எலும்பை இரண்டு மூன்று இடங்களில் ஆப்புப்போல் வெட்டி, தாடையின் வளைவுக்கேற்ப மடக்கித் தகட்டிற் பொருத்துவர். ஈண்டு நெற்றிக்கும் மூக்கிற்கும் இடையே விட்டது போன்ற நாடா விடுதற்கில்லை. கால் எங்கே, தாடை எங்கே! எனவே, எலும்போடு வந்த நாடியையும் நாளத்தையும் கழுத்துக் குழாய்களோடு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமேயுள்ளவற்றை, நுண்ணோக்கியின்கீழ் மயிரினும் மெல்லிய நூலால் தைப்பர். பத்துமணி நேரமும் ஆகும்.

அதன்பின் இரண்டு மூன்று நாள், இரவு பகலாக, செவிலியர் மணிக்கொருதரம் அவ்வொட்டுத்தோலின் நிறத்தைப் பார்ப்பர். ஐயமுற்றால் மருத்துவர் ஊசிமுனையாற் குத்துவார். செக்கச்சிவந்த துளி மெல்லக் கசிந்தால் நாடியும் நாளமும் நன்று. கருங்குருதி விரைந்து பெருகினால் நாளம் அடைபட்டது. ஒன்றுமே வாராவிடின் நாடி அடைபட்டது. இரண்டிலும் நோயாளியை உடனே அறுவைக்கூடத்துக்கு மீட்டுக் கொண்டுபோவர். தேறியவர் ஓரிரு வாரம் மூக்குக்குழாய் வழியே கஞ்சி பருகி, பின்னர் வாயால் விழுங்கப் பழகுவார். சில திங்கள் கழித்துப் புதிய எலும்பிலே பல் நடலாம்.