புதுக்குதல்: சித்தன்னவாசலும் ஒரு வங்க இசைத்தட்டும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசற் குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை அமைந்துள்ளது. அதன் விதானத்துத் தாமரைப் பொய்கை ஓவியத்தைக் காணச் செல்வோர் பலர். அக்கோயிலை அடுத்த பாறையிற் பொறித்துள்ள தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டை நின்று நோக்குவோர் சிலரே. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில், இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி, முன்னே ஒரு மண்டபமும் எடுப்பித்தான் என்பது அக்கல்வெட்டால் அறியப்படும் செய்தி.

இக்கல்வெட்டின் பயன் சிறிதன்று. இங்குள்ள ஓவியங்கள் முதற்கண் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தனவாகக் கருதப்பெற்றன. கல்வெட்டுச் செய்தி தெளிவான பின்னரே, இன்று நாம் காணும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தனவாகக் கொள்ளும் கருத்து வலுப்பெற்றது. கருவறை விதானத்திற் பிற்பட்ட பூச்சின் கீழ் முற்பட்ட ஓவியப் பூச்சு ஒன்று இருத்தலும் அறியப்பட்டுள்ளது. எனவே, பழையதன்மேற் புதியது படிந்த இடம் இது. புதுக்கியவன் பெயர் நின்ற இடமும் இது. ஆயினும், முன்னர் வரைந்தோர் பெயரோ பின்னர் வரைந்தோர் பெயரோ நமக்குக் கிட்டவில்லை.

நாட்டுப்பாடல் புதிய கருவிகளோடு இயைந்து மேடை ஏறுங்கால் இவ்வினாவே எழுகின்றது. பழையதில் எது நிலைபெறுகின்றது? எது மறைகின்றது? யார் பெயர் நிற்கின்றது? 1977இல் கல்கத்தாவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை ஆய்விதழில் வங்கத்து இசைக்கு என்ன இடம் என்று கேட்போர்க்கு, நாட்டுப்பாடல் ஆய்வு மேற்கொள்ளும் நம் மாணவர் நாளும் எதிர்கொள்ளும் சிக்கலே இது என்பதை முடிவிற் காட்டுவோம்.

1. புதுக்கோட்டை நாட்டின் இரு சான்றுகள்

சித்தன்னவாசலுக்கு அணித்தே உள்ளது குடுமியான்மலை. அங்குள்ள இசைக் கல்வெட்டுச் சுரக்கோவைகளை ஏழு பகுதிகளாக வகுத்துக் காட்டுகின்றது. அதில் சுரம் உண்டு. பாட்டின் சொல் இல்லை. ஆசிரியர் மாணவர்க்குப் பயிற்றிய, இலக்கணம் அமைந்த இசை அது. அக்காலத்தே அக்குன்றைச் சூழ்ந்த வயல்களில் நடவு செய்தோரும் தொட்டில் ஆட்டினோரும் பாடிய பாட்டுக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. எழுத்தில் ஏறிய இசை ஒன்று, ஏறாத இசை ஒன்று என்னும் பிரிவு இங்கே தெளிவாகப் புலனாகின்றது.

இவ்விரண்டுக்கும் இடையே வழியே இல்லை எனல் பொருந்தாது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922) நாட்டுப்புறத்தார் கையில் இருந்த, உடும்புத்தோல் போர்த்த சிறுபறையாகிய கஞ்சிராவைச் செப்பமுறுத்திக் கருநாடக இசையரங்கில் ஏற்றினார். இன்று அக்கருவியைக் கச்சேரிக்குப் புறம்பானது என்பார் எவரும் இலர். அதனைப் புதுக்கியவர் பெயர் நிற்கின்றது. அவர்க்கு முன்னர் அதனை முழக்கிய எண்ணற்றோர் பெயர் நிற்கவில்லை. சித்தன்னவாசலிற் கண்ட நிலையே ஈண்டும் காண்கின்றோம்.

2. ராக் இசையும் நாட்டுப்பாடலும்

ராக் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய இசைவகை. மின்விசையால் ஒலி பெருக்கிய கித்தார், தாழ்சுரக் கித்தார், மேற்கத்திய முழவுத் தொகுதி ஆகியன அதன் கருவிகள். பேர்ட்ஸ் என்னும் அமெரிக்கக் குழு 1965 சூனில் தன் முதல் இசைத்தொகுதியாகிய 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்பதனை வெளியிட்டது. பன்னிரு பாட்டுக்களில் நான்கு பாப் டிலன் இயற்றியவை. டிலன் கித்தாரோடு தனித்துப் பாடிய நெடும்பாட்டை இக்குழுவினர் ஒரே கண்ணியும் பல்லவியுமாகச் சுருக்கி, பன்னிரு நரம்பு மின் கித்தாரோடு கூட்டிசையாகப் பாடினர். நாட்டு ராக் என்று நாம் பெயர்த்துக் கூறத்தக்க தொடர் அவ்வாண்டிற்றான் அமெரிக்க இதழ்களிற் பரவிற்று.

அத்தொகுதியின் மற்றொரு பாட்டு நம் வினாவிற்கு இன்னும் நெருங்கியது. வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் துயரை எழுதிய இட்ரிஸ் டேவிஸ் (1905–1953) என்னும் கவிஞரின் செய்யுளுக்கு அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் மெட்டமைத்தார். அதனைப் பேர்ட்ஸ் குழுவினர் பாடினர். சுரங்கத்துத் துயர் கவிஞர்க்கும், கவிஞரிடமிருந்து பாடகர்க்கும், அவரிடமிருந்து ராக் குழுவிற்கும் சென்றது. ஒவ்வொரு படியிலும் கேட்போர் தொகை பெருகிற்று. சுரங்கமோ ஒவ்வொரு படி அகன்றது.

3. மகீனின் குதிரைகள்

இந்திய நாட்டில் இம்முயற்சிக்கு முன்னோடியாக விளங்கியது 'மொஹினேர் கோராகுலி' என்னும் வங்கக் குழு. 1970களின் நடுவிற் கல்கத்தாவிற் கௌதம் சட்டோபாத்யாயரைத் தலைவராகக் கொண்டு எழுவர் கூடி இதனை அமைத்தனர். மகீனின் குதிரைகள் என்பது பெயரின் பொருள். நவீன வங்கக் கவிஞர் சீவனானந்த தாசின் (1899–1954) 'கோரா', அஃதாவது குதிரை, என்னும் கவிதையினின்று எடுத்த பெயர் அது. ராக் குழுவொன்று தன் பெயரைத் தாய்மொழிக் கவிதையினின்று பெற்றது என்பது இலக்கிய மாணவர் மறத்தற்குரியதன்று.

கௌதம் மாநிலக் கல்லூரி மாணவர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். பாவுல் பாடகரோடு பழகி அவர்தம் இசையிற் தோய்ந்தவர். பாவுல் என்போர் வங்கத்தின் ஊர்தோறும் பாடித் திரியும் ஞானநெறியினர். வைணவமும் சூபி நெறியும் அவர்பாற் கலந்துள்ளன. ஒற்றை நரம்புடைய ஏக்தாராவும் தோதாராவும் அவர்தம் கருவிகள். உடம்பையே கோயிலாகக் கொள்ளல், சாதி சமய வேற்றுமை மறுத்தல், மறைபொருட் சொல்லாற் பாடுதல் ஆகியவற்றால் அவர் நம் சித்தர்களை நினைவூட்டுவர்.

இக்குழுவின் முதல் இசைத்தட்டாகிய 'சங்பிக்ன பாகிகுல் ஓ கல்கத்தா பிஷயக்' 1977இல் வெளிவந்தது. கலக்கமுற்ற பறவையினமும் கல்கத்தாவும் பற்றியது என அத்தலைப்பைப் பெயர்க்கலாம். கித்தாரும் முழவும் மட்டுமன்றி, வயலின், குழல், சாக்சபோன், பியானோ ஆகியனவும் இக்குழுவினர் கையாண்ட கருவிகள். இவ்விசைத்தட்டிற் பழம் பாவுல் பாட்டு எடுத்துப் பாடப்பெறவில்லை என்பதனை முதற்கண் உணர்தல் வேண்டும். பாட்டுக்கள் புதியன. நகர வாழ்வின் தனிமை, அமைதியின்மை, அன்பு ஆகியனவே அவற்றின் பொருள். பாவுல் நெறியினின்று இவர் கொண்டது குரலின் இயல்பு, மெட்டின் போக்கு, தளைகளை மறுக்கும் மனநிலை ஆகியனவே. வங்கத் திரைப்பாடலும் மெல்லிசையும் பழகிய செவிக்கு இது வேற்றொலியாயிற்று. 1978, 1979ஆம் ஆண்டுகளில் மேலும் இரு தட்டுக்கள் வந்தன. 1981இற் குழு கலைந்தது.

அவ்வளவில் நின்றிருப்பின் இஃது ஆராய்தற்குரிய பொருளாகாது. 1995இற் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியையொட்டி, 'ஆபார் பொச்சோர் குரி பொரே' என்னும் புதிய தொகுதியைக் கௌதம் வெளிக்கொணர்ந்தார். இருபது ஆண்டுக்குப் பின் மீண்டும் என்பது பொருள்; இதுவும் சீவனானந்தர் கவிதையின் தொடரே. அன்று கேளாத நகரம் இன்று கேட்டது. 1990களில் எழுந்த வங்க இசைக்குழுவினர் இவரைத் தம் முன்னோராகக் கொண்டனர். கௌதம் 1999 சூனில் மறைந்தார். எனவே, ஒரு முதற்படைப்பின் செல்வாக்கை அது வெளிவந்த ஆண்டின் விற்பனையால் அளத்தல் பிழையாகும். புலவர் சிலர் கையில் ஏடாக உறங்கிப் பின்னர் அச்சேறி நாட்டை ஆண்ட நம் நூல்களின் வரலாறு இதற்கு ஒப்பாகும்.

4. புதுக்கலின் மூவகை

மேற்கண்டவற்றால் நாட்டு ராக் என்னும் கலப்பு ஒரு தன்மையதன்று என்பது பெறப்படும். பிறர் பாட்டை எடுத்துக் கருவி மாற்றிப் பாடல் ஒருவகை; பேர்ட்ஸ் அதற்குச் சான்று. பாட்டைப் புதிதாக இயற்றி, நெறியை மட்டும் பழமையினின்று கொள்ளல் இரண்டாம் வகை. மொஹினேர் கோராகுலி அதற்குச் சான்று. மரபிற்கு உரியோரே தம் குரலோடும் கருவியோடும் புதிய குழுவில் அமர்தல் மூன்றாம் வகை. இதற்குத் தமிழகத்திலேயே சான்று உளது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று அமைத்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு 2018 சனவரி 6ஆம் நாள் சென்னையில் முதன்முதல் மேடை ஏறிற்று. சாதியற்றோர் எனப் பொருள்படும் அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சிந்தனை வழிவந்தது. வடசென்னைக் கானாப் பாடகரும் பறை, சட்டி முழக்குவோரும் கித்தார் கலைஞரோடு ஒரே வரிசையில் தம் பெயரோடு நின்றனர். இசைவாணி என்னும் கானாப் பாடகி 2020இற் பிபிசி வெளியிட்ட நூறு பெண்டிர் பட்டியலில் இடம்பெற்றார்.

இம்மூவகையுள் எது சிறந்தது என்று தீர்ப்புரைத்தல் எம் கருத்தன்று. முதல்வகையிற் பாட்டு பரவுகின்றது. இரண்டாவதில் நெறி வளர்கின்றது. மூன்றாவதில் உரியோர் விளங்குகின்றனர். ஆனால் பெயர் நிற்றல் என்னும் அளவுகோல் கொண்டு நோக்கின், மூன்றாவதே குறைவற நிற்கின்றது என்பது வெளிப்படை.

5. ஒரு தடையும் விடையும்

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் இலர், ஊரே ஆசிரியர். அங்ஙனமாகப் பெயரை நாடுதல் எற்றுக்கு எனின், பாவுல் பாட்டே விடை கூறும். அப்பாட்டுக்களின் இறுதியில் இயற்றியவர் பெயர் வருதல் மரபு. 1890இல் மறைந்த லாலன் பாட்டுக்களை அவர் பெயர் முத்திரையால் அறிகின்றோம். ஞானசம்பந்தர் பதிகத்துத் திருக்கடைக்காப்பிலும் இம்மரபையே காண்கின்றோம். வாய்மொழியாக வழங்குவோர்க்குப் பெயர் வேண்டா என்பது எழுதுவோர் கற்பித்த கொள்கையேயன்றிப் பாடுவோர் கொள்கையன்று. இயற்றியவரை அறியோமாயினும், பாடியவரை அறிவோம் அல்லமோ?

கலப்பால் மரபு கெடும் என்பாரும் உளர். இளங்கௌதமன் புதுக்காது விடுத்திருப்பின் அறிவர் கோயில் ஓவியம் நமக்கு எந்நிலையிற் கிடைத்திருக்கும்? புதுக்கல் கேடன்று, புதுக்கியதை மறைத்தலும், புதுக்கப்பட்டதை மறத்தலுமே கேடாகும்.

முடிவுரை

சித்தன்னவாசற் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் அறிவர் கோயிலினும் பழமையான தமிழிக் கல்வெட்டு ஒன்று உளது. கற்படுக்கை யார்க்கு அமைந்தது, அமைத்தோர் யாவர் என்னும் இரண்டையும் அஃது உரைக்கின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே, பெற்றோர் பெயரும் செய்தோர் பெயரும் ஒருங்கு நிற்றல் தக்கது என்னும் முறை இக்குன்றில் நிலவியது.

நம் நாட்டுப்பாடல் தொகுப்புக்கள் பலவற்றில் தொகுத்தோர் பெயர் முகப்பில் விளங்க, பாடிய மூதாட்டியின் பெயர் உள்ளேயும் காணப்படுவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர்க்குச் செல்லும் மாணவர், பாடியவரின் இசைவோடு அவர் பெயர், ஊர், அப்பாட்டை அவர் யாரிடம் கேட்டார் என்னும் மூன்றையும் பாட்டிற்கு முன் குறித்துக் கொள்வாராக. நாளை ஒரு குழு அப்பாட்டைக் கித்தாரோடு பாடுமாயின் பாடுக, அதனால் இழுக்கில்லை. புதுக்கியவர் பெயரோடு முதற்கண் பாடியவர் பெயரும் நிற்குமாயின், அறிவர் கோயிற் சுவரில் நாம் காணாத பெயர்களுக்கு ஒருவாறு ஈடு செய்தவராவோம்.